வரிப்பணம் எங்கே போகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாதம் பிறந்தால் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்துவிடுகிறார்கள். அந்தப் பணம் மகளிருக்கு ஆயிரம் ரூபாய், இலவச பஸ் என்று கரைகிறது. சிலர் கட்ட, பலர் அனுபவிப்பது எந்த ஊர் நியாயம்? (கோவை வாசகர்)

கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை அனுப்பும் முகவரி தப்பு. டிடிஎஸ்ஸாகப் பிடிக்கும் வருமான வரி டெல்லிக்குப் போகிறது. நீங்கள் சொல்லும் இரண்டு திட்டங்களையும் நடத்துவது மாநில அரசு.

உங்கள் வரியில் எவ்வளவு சென்னைக்குத் திரும்பி வருகிறது? மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிப்பது எப்படி என்று பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 15-வது குழு 2021-26 காலத்துக்கு வகுத்தபடி, பகிர்ந்துகொள்ள வேண்டிய மத்திய வரிகளில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அந்த 41-ல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். நீங்கள் 1 லட்சம் ரூபாய் வருமான வரி கட்டினால் 41,000 ரூபாய் மாநிலங்களுக்குப் பிரியும். தமிழ்நாட்டுக்கு வந்து சேருவது ஏறக்குறைய 1,672 ரூபாய். வரிக்கு மேல் 4 சதவீதம் செஸ் கட்டுகிறீர்களே, அதில் ஒரு பைசா மாநிலங்களுக்குக் கிடையாது. அதிக வருமானத்துக்காகச் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி கட்டுபவர்களுக்கும் இதே கதைதான்.

அப்படியானால் ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வருகிறது? மாநில அரசின் 2025-26 பட்ஜெட்டில் வருவாய் வரவு 3,31,569 கோடி. அதில் மாநிலத்தின் சொந்த வரி 2,20,895 கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு, பெட்ரோல், டீசல், மதுபானம் மீதான வாட், பத்திரப் பதிவில் முத்திரைத் தீர்வை, வாகன வரி எல்லாம் சேர்ந்தது இது. உரிமைத் தொகை வாங்கும் பெண் சோப்பு வாங்கினாலும் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தாலும் ஜிஎஸ்டி கட்டுகிறார். அதில் சரிபாதி மாநிலக் கணக்கு. அந்த வீட்டிலிருந்து யாராவது டாஸ்மாக் போனால் அது தனி வரவு. வருமான வரி கட்டுபவர் மட்டும்தான் 'வரி கட்டுபவர்' என்ற நினைப்பே இந்த விவாதத்தைப் பாதியில் கெடுத்துவிடுகிறது.

கேள்வி: சரி, டெல்லிக்குப் போன பணத்தில் மானியத்துக்கு எவ்வளவு? (சேலம் வாசகர்)

மத்திய அரசே பட்ஜெட் ஆவணத்தில் 'ரூபாய் வருவதும் போவதும்' என்று ஒரு பக்கம் போடுகிறது. 2025-26 கணக்கில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் மாநிலங்களின் வரிப் பங்கு 22 காசு, வட்டி 20, மத்திய அரசு நேரடியாக நடத்தும் திட்டங்கள் 16, மாநிலங்களோடு சேர்ந்து நடத்தும் திட்டங்கள் 8, நிதிக்குழு மானியம் முதலான மாற்றல்கள் 8, பாதுகாப்பு 8, பெரிய மானியங்கள் 6, ஓய்வூதியம் 4, மற்றவை 8.

இதை வாசிக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். நேரடித் திட்டங்களின் 16 காசில் தேசிய நெடுஞ்சாலையும் இருக்கிறது, விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசானும் இருக்கிறது. எனவே முழுவதும் 'நலத்திட்டம்' என்று கூட்டினாலும் தப்பு, முழுவதும் 'வளர்ச்சி' என்று கூட்டினாலும் தப்பு. இன்னொன்று, வரவுப் பக்கத்தில் ரூபாய்க்கு 24 காசு கடன். வருமான வரி 22 காசுதான். உங்கள் வரியைவிடக் கடன் அதிகம் என்பதால், 'என் பணம் இந்தத் திட்டத்துக்குப் போனது' என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு, வருமான வரி கட்டுபவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காதது. அதே 2025 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்தார்கள். அதனால் அரசு இழக்கும் நேரடி வரி சுமார் 1 லட்சம் கோடி என்று நிதியமைச்சர் சொன்னார். அந்த ஆண்டு நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஒதுக்கியது 86,000 கோடி. முன்னதற்கு 'சலுகை' என்று பெயர், பின்னதற்கு 'இலவசம்' என்று பெயர். அரசு கஜானாவைப் பொறுத்தவரை இரண்டும் வராத பணம், போன பணம் என்ற வித்தியாசம்தான்.

கேள்வி: எனக்கு உடன்பாடில்லாத திட்டத்துக்கான பங்கைக் கழித்துக்கொண்டு மீதி வரியை மட்டும் கட்டலாமா? (மதுரை வாசகர்)

முடியாது. கட்டணம் வேறு, வரி வேறு. பாஸ்போர்ட்டுக்குக் கட்டினால் பாஸ்போர்ட் தர வேண்டும். வரிக்கு அப்படிக் கைமாறு எதுவும் கிடையாது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-வது பிரிவு. சட்டம் இருந்துவிட்டால், செலவு பிடிக்கவில்லை என்பது கட்டாமலிருக்கக் காரணம் ஆகாது. கழித்துக் கட்டினால் வட்டியோடு நோட்டீஸ் வரும், அவ்வளவுதான்.

கேள்வி: 2020-ல் 20 லட்சம் கோடி ஊக்கத் தொகுப்பு என்றார்கள். 130 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வர வேண்டும். யார் கையில் போனது? (திருப்பூர் வாசகர்)

அந்த வகுத்தல் கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றியது. கணக்கு சரி, எடுத்துக்கொண்ட தொகைதான் சரியில்லை. ஊக்கத் தொகுப்பு என்று அறிவிக்கும் எண்ணில் நான்கு வகைப் பணம் கலந்திருக்கும்: அரசு கையிலிருந்து கொடுப்பது, அரசு வரியாக வசூலிக்காமல் விடுவது, வங்கி கொடுக்கும் கடனுக்கு அரசு ஜாமீன் நிற்பது, ரிசர்வ் வங்கி சந்தையில் புழங்கவிடுவது. இந்த நான்கையும் கூட்டுவது கையில் உள்ள ரொக்கத்தையும் பக்கத்து வீட்டுக்காரர் தருவதாகச் சொன்ன கைமாற்றையும் ஒரே கணக்கில் எழுதுவது போல.

மே 2020 அறிவிப்பின் மொத்தம் 20,97,053 கோடி. அதில் 8,01,603 கோடி ரிசர்வ் வங்கி நடவடிக்கைகள். அது வங்கிகளிடம் கடன் கொடுக்கப் பணம் இருக்கட்டும் என்பதற்கு. அரசு செலவே அல்ல. 3 லட்சம் கோடி, சிறு குறு தொழில்களுக்கான அவசரக் கடனுக்கு அரசின் முழு உத்தரவாதம். கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டினால் அரசுக்குச் செலவில்லை, கட்டாமல் போனால்தான் செலவு. உங்கள் ஊரில் பனியன் கம்பெனிகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இந்த வகை. நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன், அதற்குத் தனி ஜாமீன் இல்லை. ஆர்டரே இல்லாதபோது கடனை வைத்து என்ன செய்வது என்று அப்போது சிறுதொழில்காரர்கள் கேட்டது சரியான கேள்வி. கடன் என்பது உற்பத்திக்கு உதவும். வாங்க ஆளில்லாத சந்தைக்கு அது மருந்தல்ல.

கையில் நேராகப் போன பணம் என்று பார்த்தால், ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 வீதம் மூன்று மாதம், அதாவது 1,500 ரூபாய். ரேஷனில் ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் தானியம். நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி. ஆக, 'இருபது லட்சம் கோடியை வாரி இறைத்தார்கள்' என்ற குற்றச்சாட்டும் தப்பு, 'இருபது லட்சம் கோடி கொடுத்தோம்' என்ற பெருமையும் தப்பு. இனி இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் இரண்டு பட்ஜெட் தள்ளி நிதிப் பற்றாக்குறையை, அதாவது வரவுக்கு மேல் கடன் வாங்கிச் செய்த செலவைப் பாருங்கள். உண்மையில் எவ்வளவு பணம் வெளியே போனது என்பது அங்கே தெரியும்.

கேள்வி: ரொக்கமாகக் கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் சாலையும் பாலமும் கட்டினால் நாடு முன்னேறாதா? (நாகர்கோவில் வாசகர்)

நீண்ட காலத்தில், ஆம். டெல்லியின் தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவன ஆய்வாளர்கள் 2013-ல் போட்ட கணக்கில், அரசு மூலதனச் செலவாக 1 ரூபாய் போட்டால் பொருளாதாரம் 2.45 ரூபாய் பெருகும். நேரடிப் பணமாற்றமாகக் கொடுத்தால் 0.98 ரூபாய். நிதியமைச்சகம் அடிக்கடி மேற்கோள் காட்டுவது இந்த எண்களைத்தான்.

ஆனால் ஊக்கத் தொகுப்பில் காலம் முக்கியம். பாலம் என்றால் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, நில எடுப்பு, டெண்டர், வேலை உத்தரவு என்று படிகள் உண்டு. நில எடுப்பில் ஒரு வழக்கு வந்தால் மந்தநிலை முடிந்து விலைவாசி ஏறும் நேரத்தில் சிமென்ட் இறங்கும். அப்போது அந்தச் செலவு ஊக்கம் அல்ல, பணவீக்கத்துக்கு எண்ணெய். 2008 டிசம்பரில் உலக நெருக்கடிக்குப் பதிலாக மத்திய அரசு கலால் வரியை 4 சதவீதப் புள்ளி குறைத்தது. ஒரே அறிவிக்கையில் வேலை முடிந்தது, வேகத்தில் குறை சொல்ல முடியாது. பிழை வேறிடத்தில்: கொடுத்ததைத் திரும்ப எடுக்கத் தாமதித்தார்கள். 2007-08-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக இருந்த நிதிப் பற்றாக்குறை அடுத்த ஆண்டே 6 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் விலைவாசி உயர்வு இரட்டை இலக்கத்துக்குப் போனது.

வேகமும் வேண்டும், முடிவும் வேண்டும் என்றால் நூறு நாள் வேலைத் திட்டம்தான் நல்ல உதாரணம். 2020-21-ல் அதற்கு முதலில் ஒதுக்கியது 61,500 கோடி. ஊருக்குத் திரும்பியவர்கள் வேலை கேட்டதும் திருத்திய மதிப்பீடு 1,11,500 கோடி ஆனது. பிறகு நிலைமை சீரானதும் ஆண்டுக்காண்டு செலவு தானே இறங்கியது. யாரும் வந்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாகக் கொண்டுவந்த சட்டம் நாட்களை 125 ஆக்கியது. ஆனால் மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று டெல்லி முன்கூட்டியே தொகை நிர்ணயிக்கும், மிஞ்சினால் மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த நெருக்கடியில் தேவைக்கேற்ப விரியும் குணம் இதில் இருக்காது. சிக்கனம் என்று இதைப் பாராட்டுபவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

ரொக்கம், சாலை இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி 30-லிருந்து 22 சதவீதமானது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. மற்ற வரிச்சலுகைகளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மிச்சமான பணத்தில் புது எந்திரம் வாங்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. பழைய கடனை அடைத்தாலும் டிவிடெண்ட் கொடுத்தாலும் சலுகை உண்டு. ஏழைக்குக் கொடுத்தால் குடித்துவிடுவான் என்று கவலைப்படுபவர்கள் இந்த நிபந்தனையில்லா ஆயிரம் கோடிகளைப் பற்றியும் கவலைப்படலாம்.

கேள்வி: எங்கள் தெருவில் வசதியானவர் வீட்டுக்கு உரிமைத் தொகை வருகிறது, கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு வரவில்லை. என்ன சல்லடை இது? (விழுப்புரம் வாசகர்)

எந்தச் சல்லடைக்கும் இரண்டு ஓட்டை உண்டு. தகுதியில்லாதவர் நுழைவது ஒன்று, தகுதியுள்ளவர் விடுபடுவது ஒன்று. முதலாவதை இறுக்கினால் இரண்டாவது பெரிதாகும்.

2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது வைத்த நிபந்தனைகள்: வயது 21 நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம். வருமானத்தை விண்ணப்பதாரர்தான் சொல்கிறார்; கடை வைத்திருப்பவரின் வருமானம் எந்தப் பதிவேட்டிலும் சரியாக இருக்காது. எனவே பதிவேட்டில் இருப்பவை மட்டுமே வடிகட்டுகின்றன: வருமான வரி, கார், மின் மீட்டர். 3,600 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 600. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் லைன் வீட்டில் அந்த 600 தாண்டிவிடும். வாடகைக்கு இருக்கும் கூலித் தொழிலாளி அடிபடுவார். தனித்தனி இணைப்பு வைத்திருக்கும் மாடிவீட்டுக்காரர் தப்பிவிடுவார்.

நிராகரிக்கப்பட்டவர்கள் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று விதி வைத்திருந்தார்கள். அதில் 'எனக்கு ஏன் இல்லை' என்று எழுதிப் பயனில்லை. எந்த நிபந்தனையில் தள்ளினார்கள் என்று கேட்டு, அதற்கு மட்டும் ஆதாரம் வைக்க வேண்டும். மீட்டர் காரணம் என்றால் வாடகை ஒப்பந்தம், அதே முகவரியில் உள்ள மற்ற ரேஷன் கார்டுகளின் நகல்.

இப்படிப் பிழை விழுவது ஒரு கட்சிக்கோ ஒரு மாநிலத்துக்கோ சொந்தமல்ல. 2008 விவசாயக் கடன் தள்ளுபடியை ஆராய்ந்த மத்திய தணிக்கைத் துறை, சோதித்த 90,576 கணக்குகளில் 22 சதவீதத்துக்கு மேல் குறைபாடு இருந்ததாக 2013-ல் சொன்னது. தகுதியிருந்தும் விடுபட்டவர்களும் அதில் உண்டு.

கேள்வி: எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் அவசியமா? (சென்னை வாசகர்)

அவசியமில்லை. தமிழ்நாட்டு மானியங்களில் எளிதாகக் குறை சொல்லக்கூடியது இதுதான். 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நான்கு ஏசி ஓடும் வீட்டுக்கும் உண்டு. ஒரே குடும்பம் மூன்று இணைப்பு வைத்திருந்தால் 300 யூனிட். வரி கட்டுபவர்கள் தங்கள் கைக்கு வரும் இந்த இலவசத்தைப் பற்றிக் கடிதம் எழுதுவது அபூர்வம் என்பதால் உங்கள் கேள்விக்குத் தனி நன்றி.

கேள்வி: இலவசங்களை நிறுத்தினால் மாநிலக் கடன் தீர்ந்துவிடுமா? (தஞ்சாவூர் வாசகர்)

2025-26 பட்ஜெட்டில் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அந்த ஒரு திட்டத்தை முழுக்க நிறுத்தினாலும் 27,828 கோடி பற்றாக்குறை மிஞ்சும். 2026 மார்ச் முடிவில் மாநிலக் கடன் சுமார் 9.3 லட்சம் கோடி இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

கடன் வாங்குவதே தவறு என்பதில்லை. பாலம் கட்டக் கடன் வாங்கினால் பாலம் இருக்கும். வருவாய்ப் பற்றாக்குறை என்றால் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் பிடிக்க வேண்டிய எண் அது. கணக்கில் வராமல் ஒளிந்திருக்கும் கடனும் உண்டு. உணவு மானியத்துக்குப் போதிய பணம் ஒதுக்காமல், இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்துக்கொண்டிருந்தது மத்திய அரசு. அதையெல்லாம் 2020-21-ல் மொத்தமாகக் கணக்கில் கொண்டுவந்தபோது உணவு மானியம் ஒரே ஆண்டில் 5.41 லட்சம் கோடியாகக் காட்டியது. அந்த ஆண்டில் மட்டும் மக்கள் அவ்வளவு சாப்பிட்டுவிடவில்லை, பழைய பாக்கி.

கேள்வி: எங்கள் ஊரில் அரசுத் திட்டத்தில் போட்ட சிமென்ட் சாலை ஒரே மழையில் பெயர்ந்தது. யாரிடம் என்ன கேட்பது? (தேனி மாவட்ட வாசகர்)

'ஏன் தரமில்லை' என்று கேட்டால் பதில் வராது. கருத்துக் கேட்பது தகவல் அல்ல என்று மனுவைத் தள்ளிவிடலாம். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியவை: எஸ்டிமேட் நகல், வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் (ஊரில் எம் புக் என்பார்கள்) சம்பந்தப்பட்ட பக்கங்கள், இறுதிப் பட்டியல், தரப் பரிசோதனை அறிக்கை, குறைபாடு பொறுப்புக் காலம் எதுவரை என்பது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். அலுவலகம் தவறென்றால் அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

எம் புக் கைக்கு வந்ததும் டேப்பை எடுங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். எம்20 கலவைக்குக் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட். ஆக 360 மூட்டை. கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் 30 கன மீட்டர். 120 மூட்டை ரோட்டுக்கு வரவேயில்லை. நீளமும் அகலமும் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அதில் கை வைக்க மாட்டார்கள், கனத்தில்தான் வைப்பார்கள். சாலை ஓரத்தில் அளந்து திருப்திப்பட்டுவிடாதீர்கள். சென்ட்ரிங் பலகை வைத்த ஓரம் முழுக் கனத்தில் இருக்கும், நடுவில் மண்ணை மேடாக விட்டு மெல்லிசாக ஊற்றியிருப்பார்கள். பெயர்ந்த இடத்தில் அளந்து, அளவுகோல் தெரியப் படம் எடுங்கள். சட்டத்தின் 2(ஜே) பிரிவு வேலையை நேரில் ஆய்வு செய்யவும் சான்றிட்ட மாதிரி கேட்கவும் உரிமை தருகிறது. கோர் கட்டிங் (கனம் தெரியச் சாலையைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுக்க இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் நடக்கவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இதற்கிடையில் குறைபாடு பொறுப்புக் காலம் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக்குள் எழுத்தில் புகார் போய்விட்டால் ஒப்பந்ததாரர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும், அவருடைய வைப்புத் தொகையும் அலுவலகத்தின் கையில் இருக்கும். அந்தத் தேதி தாண்டிவிட்டால், அதே சாலைக்குப் புது எஸ்டிமேட் போடுவார்கள்.